சட்டம் குழலை அளக்கிறது, தெரு கட்டையை வாசிக்கிறது

ஏர் கன் ஒன்றின் மரக்கட்டையை இழைத்து, பட்டி பார்த்து, நிறந்தீட்டி அழகுபடுத்துவது தவறான பொழுதுபோக்கு அன்று. அந்தக் கட்டையைப் போர்த்துப்பாக்கியின் கட்டைபோல் தோன்றச் செய்வதே தவறு. இவ்விரண்டையும் ஒரே கூடையில் இட்டுத் தூற்றுவோர் ஒருபுறமும், ஒரே கூடையில் இட்டுப் போற்றுவோர் மறுபுறமும் நின்று சண்டையிடுகின்றனர். முன்னவர்க்குத் துப்பாக்கி என்ற சொல்லே போதும், மேற்கொண்டு எதையும் கேட்கமாட்டார்கள். பின்னவர்க்கு உரிமம் வேண்டாத பொருள் என்ற ஒரு வாக்கியமே போதும், அவர்களும் மேற்கொண்டு எதையும் கேட்கமாட்டார்கள். இரு சாராரும் பார்க்கத் தவறுவது அந்தக் கட்டையைத்தான்.

மாதாப்பூரை எடுத்துக்கொள்ளலாம். 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின்னர் ஹைதராபாத்தின் மேற்கெல்லையிலிருந்த இந்தப் பாறை நிலம் கணினித் தொழிலின் தலைவாசலாயிற்று. இங்கு வாழும் பொறியாளர் வாரத்தில் ஐந்து நாள்கள் செய்யும் வேலையின் விளைவைக் கையால் தொட முடியாது. எழுதிய நிரல் எங்கோ ஒரு சேவைக்கணினியில் ஓடுகிறது, அடுத்த மாதம் வேறொருவர் அதை அழித்து எழுதுகிறார். சனிக்கிழமை காலையில் அடுக்ககத்தின் பால்கனியில் ஒரு மர முக்காலியைப் போட்டு, நான்கு தர உப்புத்தாள்களைப் பரப்பி, ஒரு மரத்துண்டைத் தேய்க்க உட்காரும்போது அவருக்குக் கிடைப்பது அந்த ஐந்து நாள்களில் கிடைக்காத ஒன்று. தேய்த்த அளவுக்கு மரம் வழவழப்பாகிறது, தவறாகத் தேய்த்தால் பள்ளம் விழுகிறது, விழுந்த பள்ளத்தைப் பழைய பதிப்புக்குத் திரும்பிச் சரிசெய்ய இயலாது. இந்த ஈடுபாட்டைக் கேலிசெய்பவர்கள் கைவேலையின் சுவையை அறியாதவர்கள். மாதாப்பூரிலேயே சில்பாராமம் என்னும் கைவினைச் சிற்றூர் இயங்கிவருகிறது. அங்கே நிர்மல் பொம்மையை வாங்கிக் கூடத்தில் வைப்பவரைப் பண்பாளர் என்றும், தம் கையாலேயே மரத்தை வண்ணம் பூசிப் பழகுபவரைப் பித்தர் என்றும் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

மரமும் வண்ணமும் சரி, பொருள் துப்பாக்கியாயிற்றே என்பர். ஆம், துப்பாக்கிதான். 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல்விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத குழல்வாய் ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் எது மிகுந்தாலும் உரிமம் வேண்டும். இருபது ஜூல் என்பது விளையாட்டான அளவன்று. பத்து மீட்டர் ஒலிம்பிக் போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. அந்தப் பாதிக்கும் குறைந்த ஆற்றலே ஒரு கண்ணைப் பறிக்கவும் ஒரு புறாவைக் கொல்லவும் போதுமானது. வரலாற்றைப் பார்த்தால், ஆஸ்திரியப் படை 1780 முதல் ஜிரார்தோனி என்னும் காற்றுத் துப்பாக்கியைப் போர்க்களத்திற்கே கொண்டுசென்றது. ஆகவே 'வெறும் காற்றுதானே' என்ற பேச்சை முதலில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சொல்லின் வரலாறும் இதையே சொல்கிறது. துப்பாக்கி என்பதைத் தமிழின் 'துப்பு' என்ற வினையிலிருந்து வருவிப்போர் உண்டு, குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்று. கேட்க இனிமையான கதை, ஆனால் கதைதான். தெலுங்கின் துபாகி, உருதுவின் துபக், பாரசீகத்தின் துஃபங், துருக்கியின் துஃபெக் ஆகியவற்றோடு உறவுடைய சொல் இது. துருக்கிய மொழியில் பின்னோக்கிச் சென்றால், 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த அகராதியில் இதன் மூதாதை தென்படுகிறது. பச்சை மரக்கொம்பின் பட்டையைக் குழாயாக உருவி எடுத்து, சிட்டுக்குருவிகளை அடிக்கப் பயன்படுத்திய ஊதுகுழலுக்கு அங்கே அந்தப் பெயர். வெடிமருந்து பிற்பாடு வந்து சேர்ந்தது. ஆகக் காற்றால் குண்டை உந்தும் கருவிக்குத்தான் அந்தப் பெயர் முதலில் உரியது என்று சொல்லலாம். துப்பாக்கியின் கட்டையை உருதுவில் குந்தா என்பர், மரத்துண்டு என்பதும் அதே சொல்லுக்குப் பொருள். ஆங்கிலத்தின் ஸ்டாக் என்ற சொல்லும் அடிமரத்தையே முதலில் குறித்தது. உலோகக் குழல் எங்கிருந்து வந்ததாயினும், மனித உடலைத் தொடும் பகுதிக்கு இம்மொழிகள் மரத்தின் பெயரையே வைத்திருக்கின்றன.

அந்தப் பகுதியைத் தன் உடலுக்கேற்பத் திருத்திக்கொள்வது இப்பொழுதுபோக்கின் நியாயமான மையம். கடையில் கிடைக்கும் ஏர் ரைஃபிளின் கட்டை ஒரு சராசரி உடலைக் கற்பனைசெய்து வெட்டப்படுகிறது. அந்தச் சராசரி உடல் பெரும்பாலும் வலக்கை பழகிய, நெடிய ஆண் உடல். ஐந்தடி உயரப் பெண் அதைத் தோளில் வைத்தால் விசையை எட்டுவதற்குள் முழங்கை விறைக்கிறது. இடக்கைக்காரரின் கன்னத்திற்குத் தாங்கலே கிடைப்பதில்லை. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையிலான நீளம் முன்கையின் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். கன்னம் பொருந்தும் மேட்டின் உயரம், கண் குறியோடு ஒரே கோட்டில் நிற்கும்படி அமைய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் குறைத்தோ, கன்னமேட்டில் ஒரு மரப்பட்டையை ஒட்டி உயர்த்தியோ, பிடியின் சரிவை அரத்தால் மாற்றியோ செய்யும் திருத்தம் குறியைச் சீராக்குகிறது. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்து 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற ககன் நாரங் கையாண்ட வகைத் துப்பாக்கிகளில் இந்த அளவுகள் அனைத்தும் திருகாணிகளால் மாற்றத்தக்கவை. அவற்றை வாங்கும் வசதி எல்லோர்க்கும் இல்லை. அரமும் உப்புத்தாளும் கொண்டு அதே பயனில் ஒரு பகுதியைப் பெற முயல்பவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

வேலையும் எளிதன்று. குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து, திருகாணிகளைக் கழற்றி, குழலும் சுருள்வில்லும் உள்ள இயந்திரப் பகுதியைத் தனியே எடுத்துத் துணியில் பொதிந்து வைத்துவிட வேண்டும். அதற்குமேல் அதில் கைவைக்கக் கூடாது. ஆற்றலைக் கூட்டும் ஆசையில் வில்லை மாற்றுபவர் மரவேலையைவிட்டுச் சட்டமீறலுக்குள் நுழைகிறார். கட்டையின் பழைய வார்னிஷை 120 எண் தாளால் உரித்து, 220க்கும் 320க்கும் ஏற வேண்டும். பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் படுத்துக்கிடந்த நார்கள் எழுந்து நிற்கும், அவற்றை மீண்டும் 400இல் தேய்க்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்களின் கட்டை முதல் பூச்சிலேயே சொரசொரத்துப் போகிறது. சீசம் மரமாயின் ஆளிவிதை எண்ணெயே போதும், அதன் வரிகளை மறைப்பது பாவம். தேக்கில் இயல்பான எண்ணெய்ப்பசை உண்டு, தின்னரால் துடைக்காமல் பூசினால் வண்ணம் சில மாதங்களில் செதிலாக உரியும். நிறந்தீட்டுவதாயின் பிரைமர், பட்டி, மீண்டும் தேய்ப்பு, மெல்லிய மூன்று நான்கு பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே பொறுமை. ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் வண்ணம் வழிந்து கண்ணீர்க்கோடு விழும்.

இங்கே அடுக்ககவாசிகள் அறிய வேண்டிய இரண்டு ஆபத்துகள் உள்ளன, இரண்டும் குண்டோடு தொடர்பற்றவை. ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் அது காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறித் தீப்பற்றும். நீரில் நனைத்தோ விரித்துப்போட்டு உலர்த்தியோதான் அதைக் கழிக்க வேண்டும். இரண்டு டப்பாக்களைக் கலந்து தெளிக்கும் பியூ வண்ணத்தின் கடினமூட்டியில் ஐசோசயனேட் உள்ளது. அதன் நுண்துளிகளைப் பால்கனியில் தெளித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கும் அது போய்ச்சேரும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. இவற்றைக் காணொளிகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதே மாதாப்பூரின் பின்சந்துகளில் அலமாரிகளுக்குப் பாலிஷ் போடும் தச்சர்களுக்குத் தெரியும். உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் இராஜஸ்தானிலிருந்தும் வந்து நாள்கூலிக்கு உழைக்கும் அவர்களிடம் இப்பொழுதுபோக்காளர் ஒருவரும் கேட்கப் போவதில்லை. பொறியாளர் மரத்தை இழைத்தால் கலை, தச்சர் இழைத்தால் கூலிவேலை. இந்த ஏற்றத்தாழ்வு தனியே எழுதத்தக்கது, இங்கே இவ்வளவு போதும்.

இனிச் சண்டைக்குரிய இடம். இத்தனை உழைப்பையும் செலவிட்டபின் மிகப் பலர் அந்தக் கட்டைக்குத் தேர்ந்தெடுக்கும் நிறம் எது? மினுமினுப்பற்ற கறுப்பு. அல்லது இராணுவச் சீருடையின் திட்டுத்திட்டான பச்சையும் பழுப்பும். அதோடு நிற்பதில்லை. மரக்கட்டையைக் களைந்துவிட்டு, தாக்குதல் துப்பாக்கியின் வடிவிலமைந்த பிளாஸ்டிக் கட்டையைப் பொருத்தி, பக்கவாட்டில் பல்வரிசைத் தண்டுகளை முடுக்கி, பயன்படாத ஒரு தோட்டாப்பெட்டியின் உருவத்தையும் தொங்கவிடுகின்றனர். கன்னமேடு சரியாயிற்றா, நீளம் பொருந்திற்றா என்ற கேள்விகள் மறைந்துபோகின்றன. 'அசல் போலவே இருக்கிறது' என்ற பாராட்டு ஒன்றுக்காகவே உழைப்பு முழுதும் செல்கிறது. உற்பத்தியாளர்களும் இந்த ஆசையை அறிந்து தொழிற்சாலையிலேயே கறுப்பைப் பூசி அனுப்புகின்றனர் என்பது உண்மை. விற்பவர் செய்யும் தவறு வாங்குபவரின் தவறை நியாயமாக்கிவிடாது.

'நிறம் சட்டவிரோதமா?' என்று உடனே கேட்பர். உரிமம் பற்றிய சட்டம் நிறத்தைப் பார்ப்பதில்லை, குழலை மட்டுமே அளக்கிறது. ஆனால் அதே 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் வேறோரிடத்தில் தோற்றத்தைப் பார்க்கிறது. அதன் 6ஆம் பிரிவு போலித் துப்பாக்கி என்பதற்குத் தரும் விளக்கம் கவனத்திற்குரியது. குண்டை வெளியேற்ற இயலுமா இயலாதா என்பது பொருட்டன்று, துப்பாக்கியின் தோற்றம் இருந்தால் போதும். 28ஆம் பிரிவின்படி, கைதாவதைத் தடுக்க ஒருவர் அத்தகைய போலியைப் பயன்படுத்தினாலும் அசலைப் பயன்படுத்தியவர்க்குரிய தண்டனைதான். அதாவது, தோற்றம் ஒரு செயல் என்பதைச் சட்டமியற்றியவர்கள் அறுபதாண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தனர். மொழியிலும் அப்படித்தானே. 'தீ' என்று திரையரங்கில் கத்துபவர் அசைவொன்றை ஒலித்ததாக மட்டும் வாதிட முடியாது.

1978 டிசம்பர் 20 அன்று லக்னோவிலிருந்து டெல்லி நோக்கிப் பறந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 410 விமானத்தை போலாநாத் பாண்டே, தேவேந்திரநாத் பாண்டே என்னும் இரு இளைஞர்கள் கைப்பற்றினர். இந்திரா காந்தியை விடுதலை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. விமானம் வாரணாசிக்குத் திருப்பப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளை அச்சுறுத்தி வைத்திருந்த அந்தக் கருவிகள் பொம்மைத் துப்பாக்கிகள் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஒரு ஜூல் ஆற்றலும் அவற்றில் இல்லை. வடிவமும் நிறமும் மட்டுமே அந்த விமானத்தைத் திசைதிருப்பின. (அவ்விருவரும் 1980இல் காங்கிரஸ் வேட்பாளர்களாகி உத்தரப்பிரதேசச் சட்டமன்றத்திற்குச் சென்றது நம் அரசியலின் தனிக்கதை.) 'வெளித்தோற்றம் தானே, உள்ளே ஒன்றுமில்லையே' என்பவர்கள் அந்தப் பயணிகளின் இருக்கையில் சற்றுநேரம் அமர்ந்து பார்க்கலாம்.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது, அங்கே தோற்றம் கையில் வைத்திருப்பவரையே கொல்கிறது. 2014 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பீவர்கிரீக் நகரின் வால்மார்ட் கடையில், ஜான் கிராஃபோர்ட் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞர் விற்பனைத் தட்டிலிருந்த ஏர் ரைஃபிள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அலைபேசியில் பேசியபடி நடந்தார். அது அட்டைப்பெட்டியில்லாமல் கிடந்தது, இராணுவ ரைஃபிளின் வடிவில் கறுப்பாகச் செய்யப்பட்டிருந்தது. அதன் குழல்விட்டமும் நம் பால்கனித் துப்பாக்கியின் அதே அளவுதான். யாரோ காவல்துறைக்குத் தொலைபேசினர். வந்த காவலர் அவரைச் சுட்டுக் கொன்றார். அவர் மீது குற்றம் சாட்டவும் நடுவர் குழு மறுத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், அதே மாநிலத்தின் கிளீவ்லாந்தில், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது டாமிர் ரைஸ், காவல் வண்டி வந்து நின்ற இரண்டு நொடிக்குள் சுடப்பட்டான். அத்துப்பாக்கியின் முனையில் இருக்க வேண்டிய ஆரஞ்சு அடையாளம் அகற்றப்பட்டிருந்தது. வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நின்றிருக்கக்கூடியது ஒரு விரற்கடை அளவு வண்ணம்.

'இது அமெரிக்கா அன்று, இங்கே பார்த்தவுடன் சுடமாட்டார்கள்' என்பது எதிர்பார்க்கத்தக்க மறுமொழி. சரி, சுடமாட்டார்கள். ஆனால் யாருடைய கையில் இருந்தால் என்ன நேரும் என்ற கேள்விக்கு விடை இங்கும் ஒன்றாக இல்லை. கறுப்பு நிற ஏர் ரைஃபிளைக் காரின் பின்னிருக்கையில் வைத்துக் கச்சிபௌலியின் சுடுதளத்திற்குச் செல்லும் மாதாப்பூர்ப் பொறியாளரைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால், ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களும் கழுத்திலுள்ள நிறுவன அட்டையும் அவரை அனுப்பிவைத்துவிடும். அதே பொருளைப் பழைய நகரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் இரு சக்கர வண்டியில் கொண்டுசென்றால் என்ன தலைப்பில் செய்தி வரும் என்பதை ஊகிக்க ஆய்வறிவு தேவையில்லை. தமிழ்நாட்டிலோ, நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் சுமந்து வயல்களில் காவல் செய்தும் வேட்டையாடியும் வாழ்ந்த நரிக்குறவர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் தொழிலை இழந்து பாசிமணிக்கு வந்தனர். குருவிக்காரர் என்ற அவர்களின் மற்றொரு பெயரில் இன்றும் அத்தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் இடம்பெற 2023 தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்கள் கையிலிருந்த துப்பாக்கி பிழைப்புக்கான கருவி, அதை எவரும் பொழுதுபோக்கு என்று அழைத்ததில்லை. போர்வீரன் வேடத்தைப் பயமின்றிப் போட்டுக்கொள்ள முடிவதே ஒரு சலுகை, அச்சலுகையைத் தன் கலைத்திறன் என்று பொறியாளர் மயங்க வேண்டாம்.

திட்டுத்திட்டான உருமறைப்பு வண்ணத்தைப் பற்றி ஒரு கேள்வி. யாரிடமிருந்து மறைவதற்கு? பத்து மீட்டர் தொலைவில் ஒட்டப்பட்ட காகித இலக்குக்குக் கண் இல்லை. உருமறைப்பு என்பது பார்க்கக்கூடிய ஒன்றிடமிருந்து ஒளிவதற்கானது, எதிரியிடமிருந்து அல்லது இரையிடமிருந்து. எதிரி மாதாப்பூரில் இல்லை. எஞ்சுவது துர்கம் செருவின் கரையிலும் அடுக்ககத் தண்ணீர்த்தொட்டியின் மேலும் வந்தமரும் பறவை. வண்ணம் பூசியவருக்கு அந்த எண்ணம் இல்லாதிருக்கலாம், அவர் பூசிய வண்ணத்தின் இலக்கணம் அதைத்தான் சொல்கிறது. ஏர் கன் பறவைகளை என்ன செய்யும் என்பதை அருணாசலப்பிரதேசம் கண்டது. 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தின் லும்டுங் சிற்றூரில் ஏர் கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கிற்று. மக்கள் தாமே முன்வந்து, ஓராண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏர் கன்களை அரசிடம் கொடுத்தனர். மரபாக வேட்டையாடி வந்த ஒரு சமூகம் காடு அமைதியாகிவிட்டதைக் கவனித்துத் தன் துப்பாக்கியைக் கீழே வைக்கிறது. வேட்டை மரபே இல்லாத நகரத்துவாசி வேட்டைக்காரனின் வண்ணத்தை விலைகொடுத்து வாங்கிப் பூசுகிறார். இதைவிட விந்தை வேண்டுமா?

துல்லியத்திற்காகத்தான் இந்த வடிவம் என்ற வாதம் உண்மைக்கு நேர்மாறானது. உலகிலேயே மிகத் துல்லியமான ஏர் ரைஃபிள்களைப் பார்த்தால் அவை துப்பாக்கிபோலவே இருப்பதில்லை. உல்ம், ஓபர்ன்டார்ஃப் நகரங்களின் ஜெர்மானியத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் போட்டித் துப்பாக்கிகளின் கட்டைகள் சிவப்பும் நீலமும் வெள்ளியுமாய், திருகாணிகளும் தாங்கிகளும் நீட்டிக்கொண்டு, மருத்துவமனைக் கருவி ஒன்றைப்போல் காட்சியளிக்கின்றன. பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். ஒரு முற்றுப்புள்ளியளவே உள்ள அந்த இலக்கை அடிப்பவர்க்கு எதிரியை மிரட்டும் தேவை இல்லை, உடல் அசையாமல் நிற்கும் தேவைதான் உண்டு. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளை வென்றதும் இத்தகைய கருவிகளால்தான். துல்லியம் கூடக்கூடக் கருவி போர்க்கோலத்தைக் களைகிறது. குறி தவறும் மலிவுத் துப்பாக்கியே பெரும்பாலும் வீரவேடம் போடுகிறது.

மரத்தை வேறொன்றாகத் தோன்றச் செய்வதுதானே வண்ணக்கலை, நிர்மல் கைவினைஞர் பொனிகி மரத்தைக் கிளியாக்கும்போது ரசிப்பவர்கள் இதை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கெட்டிக்காரத்தனமான கேள்வி. நிஜாம்களுக்குப் பீரங்கி வார்த்துத் தந்த ஊர் என்றும் பெயர்பெற்றது நிர்மல். அவ்வூரார் உலோகத்தில் பீரங்கியைச் செய்தனர், மரத்தில் கிளியைச் செய்தனர், மரத்தில் பீரங்கியைச் செய்து எவரையும் ஏய்க்கவில்லை. மரக்கிளியைக் கண்டு எவரும் கதவைத் தாழிட்டுக்கொள்வதில்லை. படைக்கலத்தை அழகுசெய்யும் மரபு நமக்குப் புதிதுமன்று. வடமேற்கிலும் இராஜஸ்தானத்திலும் திரித்துப்பாக்கிகளின் கட்டைகளில் அரக்கு வண்ணத்தால் பூங்கொடிகளும் மான்களும் தீட்டினர், தந்தமும் முத்துச்சிப்பியும் பதித்தனர். குடகர்கள் கைல்போல்து விழாவில் தம் துப்பாக்கிகளை வழிபட்டு, செங்காந்தள் மலரால் அலங்கரிக்கின்றனர். அம்மலருக்கு அங்கே துப்பாக்கிப் பூ என்றே பெயர். இந்த அலங்காரங்களில் ஒன்றாவது பொருளை அதனினும் கொடியதாகக் காட்டுகிறதா? அசல் துப்பாக்கியை வைத்திருந்தவர்கள் அதன்மேல் பூவை வரைந்தனர். ஏர் கன் வைத்திருப்பவர் அதன்மேல் போரை வரைகிறார்.

செய்ய வேண்டியது பெரிதன்று. பிரிட்டன் 2006இல் இயற்றிய சட்டத்தால் அசல்போல் தோன்றும் போலித் துப்பாக்கிகளின் உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்தபோது, எவை அசல்போல் தோன்றாதவை என்பதற்கு நிறங்களையே அளவுகோலாக்கியது. பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம், அல்லது ஊடுருவித் தெரியும் பொருள். நம் நாட்டில் அத்தகைய விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கட்டையைத் தன் கையால் தீட்டுபவரிடம் தேர்வு இருக்கிறது. சீசத்தின் வரிகள் தெரியும்படி எண்ணெய் மட்டும் பூசலாம். மஞ்சளோ நீலமோ தீட்டலாம். வார்லியோ கோலமோ வரையலாம், நிர்மலின் பொன்வண்ணப் பூக்களையே முயன்று பார்க்கலாம். இவையனைத்தும் கறுப்பைத் தெளிப்பதைவிடக் கடினமானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பு, தேய்ப்பின் குறைகள் அத்தனையையும் விழுங்கிக்கொள்ளும். மஞ்சள் ஒன்றையும் மறைக்காது.

ஒரு மறுப்பு மட்டும் உண்மையிலேயே கனமானது. பளிச்சென்ற வண்ணம் குழந்தைகளை ஈர்க்கும், மஞ்சள் துப்பாக்கியைப் பொம்மை என்றெண்ணி வீட்டுப் பிள்ளை எடுத்துவிடும் என்பது. இதற்கு வண்ணத்தில் விடை இல்லை, கறுப்புத் துப்பாக்கியையும் பிள்ளைகள் எடுக்கவே செய்கின்றனர். விடை அலமாரியில் இருக்கிறது. குண்டு நீக்கி, சுருள்வில்லைத் தளர்த்தி, பூட்டிய அலமாரிக்குள் துப்பாக்கி. வேறோர் இடத்தில், வேறொரு பூட்டுக்குள் ஈயக் குண்டுகள். சாவி பெரியவர் இடுப்பில். கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். கட்டையைக் கழற்றி வண்ணம் உலர வைத்திருக்கும் நாள்களில், துணியில் பொதிந்து வைத்த இயந்திரப் பகுதியும் அதே பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். கட்டை இல்லாவிட்டாலும் அந்தக் குழல் சுடும்.